வாரண்டி முடிந்த ஸ்விஃப்ட் பெட்ரோல்: எதை வீட்டில் செய்யலாம், எதை விட வேண்டும்

நண்பரே, தருமபுரியில் வண்டி, 60,000 கி.மீ., வாரண்டி முடிந்தது, டீலர் பில் கட்டுப்படியாகவில்லை, எல்லாவற்றையும் நீங்களே செய்யலாமா என்கிறீர்கள். ஆயில், ஃபில்டர்களைத் தாராளமாகச் செய்யுங்கள். பிரேக் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, லேசான சூட்டில் ஆயிலை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். வீட்டு வேலையில் இன்ஜின் சீஸ் ஆக, அதாவது உள்ளே இறுகி நின்றுபோக, இது ஒன்றே போதும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்டு உட்கார்ந்தபின் இன்னும் முக்கால் சுற்று இறுக்குங்கள், கையாலேயே. மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கிரேடு மேனுவலில் உள்ளதுதான். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள். நிறைந்து வழிய ஊற்றுவதும் கெடுதலே.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் அடிக்கடி போனால் ஏர் ஃபில்டரைச் சொன்ன கி.மீ.க்கு முன்பே மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றுங்கள். கணவாயில் இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

டீலரிடம் போனாலும் இன்ஜின் ஃபிளஷ் (உள்ளே மருந்து ஊற்றிக் கழுவுவது), ஏசி வாசனை ஸ்பிரே வேண்டாம் என்று வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.