அறக்கட்டளை இல்லத்தில் அம்மாவைச் சேர்க்கும் முன்

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். நடமாட்டம் உண்டு. ஆனால் கொஞ்ச நாளாக மறதி. அடுப்பை அணைக்காமல் விட்டுவிடுகிறார். ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது, அன்பாகப் பேசினார்கள். மாதக் கட்டணம் போக, சேரும்போது ஒரு பெரிய தொகையை ‘நன்கொடை’ என்று கேட்கிறார்கள். லாப நோக்கம் இல்லாத இடம்தானே, நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: லாப நோக்கம் இல்லை என்றால், மிஞ்சுகிற பணம் எவர் வீட்டுக்கும் போகக் கூடாது என்று அர்த்தம். அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா மணியடித்தால் யார் எழுந்து வருவார்கள் என்பதை அது சொல்லாது. அருமையாக நடக்கும் அறக்கட்டளை இல்லங்கள் இருக்கின்றன. நல்ல மனசு மட்டும் இருந்து, ஆளும் பணமும் போதாமல் தள்ளாடும் இல்லங்களும் இருக்கின்றன. அதனால் பெயர்ப்பலகையை மறந்துவிட்டு விசாரியுங்கள்.

நீங்கள் பார்த்துவிட்டு வந்தது இன்றைய அம்மாவுக்கு ஏற்ற இடத்தை. சில வருடம் கழித்து அம்மா இருக்கப்போகிற நிலைக்கும் அந்த இடம் சரிப்படுமா என்பதுதான் கேள்வி. முதியவர்கள் எந்த அளவுக்குத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளக்க, 1963இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆறு விஷயங்களை வகுத்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது. பெரும்பாலும் குளிப்பதற்குத்தான் முதலில் உதவி தேவைப்படும். சாப்பிடும் திறன் கடைசியில்தான் போகும். நிர்வாகியிடம் இந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, “இது அம்மாவால் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் “அப்போது நீங்கள்தான் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்” என்பார்கள். அது தப்பில்லை, எல்லா இல்லமும் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கோடு எங்கே என்பது சேருவதற்கு முன்பே தெரிய வேண்டும், ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மறதி நோய் முற்றிய நிலையில் இடம் மாற்றுவது அம்மாவையும் உங்களையும் சேர்த்து உலுக்கிவிடும்.

அடுத்தது ஆள் கணக்கு. பகலில் எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் ராத்திரியைக் கேளுங்கள்: எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? விழித்திருப்பது வேறு, அங்கேயே படுத்துத் தூங்குவது வேறு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான நடைமுறை. திருப்பாவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பக்கம் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. நாற்பது பேருக்கு ஒரே ஓர் ஆயா என்றால் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவரால் முடியாது. திருப்பிய நேரத்தைக் குறித்து வைக்கும் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியதுபோல் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மறுபடியும் ஒருமுறை போங்கள். சாயங்கால நேரமாகப் போங்கள். மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். “வீட்டுக்குப் போகணும்” என்று கதவருகே நிற்பார்கள். அப்போது பணியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்துக் கூட நடக்கிறாரா, அல்லது கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைக்கிறாரா? எல்லோரும் சாயங்காலமே மயங்கிக் கிடந்தால், இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டும். மறதி நோயாளிகளை அடக்கிவைக்க மனநோய் மருந்து கொடுக்கும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. அத்தகைய புதுவகை மருந்துகள் இவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடும் எச்சரிக்கை விடுத்தது. 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. புது மருந்து தொடங்கும் முன் உங்களுக்குச் சொல்வார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் அதை மறதி என்று தள்ளிவிடாமல், சிறுநீர்த் தொற்றா, நீர் குறைந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸ் அங்கே இருக்க வேண்டும்.

இனி அந்தத் தொகை. நன்கொடை என்று ரசீது கொடுத்தால் பொதுவாக அது திரும்பாது. டெபாசிட் என்றால் திரும்ப வேண்டும். வாயால் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது எதுவும் ஆகாது. அம்மா ஒரே மாதத்தில் வேண்டாம் என்று வந்துவிட்டால் எவ்வளவு கிடைக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரங்களுக்குக் கட்டணம் உண்டா, படுக்கையை வைத்திருப்பார்களா, கட்டணத்தை எப்போது, எவ்வளவு வரை ஏற்றலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். தணிக்கை செய்த கணக்கையும் கேளுங்கள். அறக்கட்டளை அதைக் காட்டத் தயங்கினால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். அதில் இரண்டு விஷயம் போதும்: வருமானத்தில் கட்டணம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்பது ஒன்று; நன்கொடை நின்றால் கையிருப்பில் எத்தனை மாதம் ஓட்டலாம் என்பது இன்னொன்று. ஒரே ஒரு பெரிய கொடையாளரை நம்பி நிற்கும் இல்லம், அவர் கைவிட்டதும் மூடவேண்டி வரலாம். உரிமம் வழங்கிய துறையின் கடைசி ஆய்வறிக்கை இருந்தால் அதையும் படியுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: கொடையாளர் வரும்போதெல்லாம் முதியவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்கும் இடமா? அம்மா படத்தைப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்று எழுதித் தர உங்களுக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் விட அவசரமான வேலை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. சிகிச்சை பற்றியும் பணம் பற்றியும் பின்னால் யார் முடிவெடுப்பது என்ற ஆவணத்தில், அம்மா தெளிவாக இருக்கும்போதே கையெழுத்திட வேண்டும். லேசான மறதி இருப்பதாலேயே முடிவெடுக்கும் தகுதி போய்விடாது. முற்றிய பிறகு போகும். ஒரு வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வில், தங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது போன்ற சின்னச் சின்ன முடிவுகளைத் தாங்களே எடுத்து, ஒரு செடியையும் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள், எல்லாவற்றையும் பணியாளர்களே செய்துகொடுத்தவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். “ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்” என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். பல இல்லங்களில் குறுகிய காலம் தங்கிப் பார்க்க இடம் தருவார்கள். அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு ஒரு மாதம் தங்கவிடுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைவது, அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரை கிலோ இழப்பது, மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். அப்படி நடந்தால் நன்கொடைப் பேச்சை நிறுத்திவைத்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் அம்மா பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.