அம்புக்குறி போடாமல் பிளேயருக்கு வழி காட்டுவது எப்படி?

வீடியோ கேம் ஒன்றுக்கு முதல் லெவலை, அதாவது பிளேயர் கடந்து போக வேண்டிய ஒரு பகுதியைக் கட்டி முடித்து யாரிடமாவது விளையாடக் கொடுத்திருப்பீர்கள். வழி கண்ணெதிரே இருந்தும் அவர் சுற்றிச் சுற்றி வந்திருப்பார். இந்தக் கேள்வி பெரும்பாலும் அந்த நாளில்தான் எழும். எனக்கும் அப்படித்தான்.

நான் கட்டியது கைவிடப்பட்ட ஒரு சுரங்க ரயில் நிலையம். தண்டவாளத்தில் இறங்கி, நின்றுபோன ரயில் பெட்டிக்கு அடியில் ஊர்ந்து போனால் அடுத்த பகுதி. எட்டுப் பேரை விளையாட வைத்தோம். ஆறு பேர் நேராக பிளாட்பாரக் கோடியில் இருந்த டிக்கெட் கவுண்டருக்குள் போய் நின்றார்கள். அங்கே ஒன்றுமே கிடையாது.

தண்டவாளத்துக்கு இறங்கும் படியருகே ஒரு விளக்கு வைத்தேன். சேற்றில் காலடித் தடம் போட்டேன். பெட்டிக்கு அடியிலிருந்து புகை வர வைத்தேன். இரண்டு வாரம் இதிலேயே போனது. அடுத்து வந்தவர்களும் கவுண்டருக்கே போனார்கள். மேலிடத்தில் "ஒரு அம்புக்குறி போட்டு முடியுங்கள்" என்றார்கள்.

அன்று இரவு பதிவான வீடியோக்களை ஒலி இல்லாமல் ஓட்டி, பிளாட்பாரம் முதன்முதலில் கண்ணில் படும் நொடியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கவுண்டருக்குள் ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று முதல் மாதத்தில் நானே வைத்தது. அந்தக் காட்சியில் பளிச்சென்று துடித்த பொருள் அது ஒன்றுதான். இருட்டில் எது அசைகிறதோ கண் அங்கேதான் போகும். காலடித் தடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த விளக்கைப் பெயர்த்து ரயில் பெட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பெட்டியின் அடி இடைவெளி வழியே வெளிச்சம் வந்து தண்டவாளத்தின் மேல் துடித்தது. அடுத்து வந்த ஆறு பேரில் ஐந்து பேர் தயங்காமல் இறங்கினார்கள். புகை, காலடி, படியருகே வைத்த விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எங்கே போவது என்பது மட்டுமல்ல, என்ன செய்வது என்பதையும் இடமே சொல்லிவிடலாம். 2004ல் வந்த ஹாஃப் லைஃப் 2 கேமில் ரேவன்ஹோம் என்ற ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு துண்டாகிக் கிடக்கும் ஒரு ஜாம்பியையும், அதை அறுத்த ரம்பத் தகட்டையும் பார்ப்பீர்கள். கையில் பொருட்களை இழுத்துப் பிடித்து வீசும் கிராவிட்டி கன் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் வழி காட்ட மஞ்சள் பெயிண்ட் அடிப்பவர்கள் முட்டாள்களா?" என்று சண்டைக்கு வர வேண்டாம். 2024ல் ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் டெமோவில் ஏற வேண்டிய பாறைகளில் மஞ்சள் பூசியிருந்ததைப் பலர் கேலி செய்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. பார்வை மங்கியவருக்கு அந்த மஞ்சள்தான் கேமையே விளையாட வைக்கிறது. 2018ல் வந்த ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர் போல, இப்படிப்பட்ட பெயிண்ட் குறிகளைக் கூட்டவும் குறைக்கவும் செட்டிங்ஸில் வழி வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுரங்க ரயில் நிலையம் வரும் எங்கள் கேம் வெளிவர நான்கு மாதம் இருக்கும்போது வேலையை விட்டேன். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த நிலையத்தின் ஒவ்வொரு தூணும் நான் நட்டது. இடையில் விலகியவர் பெயரை எடுத்துவிடும் இந்த வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலையில் சேரும்போதே பெயர் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் லெவலுக்கு வருகிறேன். பிளேயர் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும் இடத்தில் நின்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் பளிச்சென்று தெரிவது எதுவோ, பிளேயர் முதலில் அங்கேதான் போவார். அது நீங்கள் நினைத்த வழியாக இல்லை என்றால், புதிதாக எதையும் வைப்பதற்கு முன் அதை அணைத்துப் பாருங்கள்.