நெஞ்சு சளியும் மூணு பந்து டப்பாவும்

கேள்வி: எங்கப்பாவுக்கு 68 வயசு. சின்ன வயசுல டிபி வந்து குணமாயிடுச்சு, இப்ப பிராங்கியெக்டேசிஸ்னு சொல்லிட்டாங்க. தினம் காலைல ஒரு மணி நேரம் இருமறாரு, சளி கெட்டியா நிக்குது, வரமாட்டேங்குது. டாக்டர் சளி எடுக்கற கருவி வாங்கி ஊதச் சொன்னாரு. அம்மாவோட பைபாஸ் ஆபரேஷனுக்குக் கொடுத்த மூணு பந்து டப்பா வீட்ல இருக்கு, அதுவே போதுமா? பக்கத்து வீட்டுல நெஞ்சை அதிரவைக்கற ஜாக்கெட் வாங்கச் சொல்றாங்க.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த டப்பாவை எடுத்து உள்ள வச்சிடும்மா. அது மூச்சை உள்ள இழுக்கறதுக்கு, ஆபரேஷன் வலியில ஆழமா மூச்சு விடாம படுத்திருக்கறவங்களுக்கு நுரையீரல் விரியணும்னு கொடுக்கறது. அப்பாவுக்கு வேணும்கறது வெளிய ஊதற கருவி. பிசியோவா நான் போற எத்தனையோ வீட்ல மாசக்கணக்கா இதையே இழுத்துட்டு சளி வரலையேன்னு கலங்கிப்போய் உக்காந்திருப்பாங்க, பார்க்கவே மனசு கேக்காது.

டிபி ஆறினாலும் அது விட்டுட்டுப் போற தழும்பால சில பேருக்கு மூச்சுக்குழாய் அகலமாகி தொளதொளன்னு ஆயிடும், அதைத்தான் பிராங்கியெக்டேசிஸ்னு சொல்றாங்க, சளியை மேல தள்ளற நுண்ணிய முடிகளும் கெட்டுப்போயிடும், அதனால சளி அங்கயே தேங்கி கிருமி வளருது. ஃப்ளட்டர்னு ஒரு கருவி இருக்கு, புகைபிடிக்கற பைப் மாதிரி வளைஞ்சிருக்கும், உள்ள ஒரு ஸ்டீல் குண்டு. ஊதும்போது குண்டு எழும்பி எழும்பி விழும், அந்தத் தடையால குழாய் மூடிக்காம திறந்திருக்கும், அந்த அதிர்வுல சளி சுவரை விட்டுக் கழண்டு வரும். குண்டு கீழ விழணுமே, அதனால நிமிர்ந்து உக்காந்து, கருவியை லேசா மேலயும் கீழயும் சாய்ச்சுப் பார்த்து நெஞ்சுல அதிர்வு எங்க நல்லா தெரியுதோ அங்க பிடிக்கணும். அகாபெல்லாங்கறதுல குண்டுக்குப் பதிலா காந்தம், அதைப் படுத்துட்டும் ஊதலாம்.

மூச்சை மெதுவா இழுத்து, ரெண்டு மூணு செகண்ட் நிறுத்தி, கன்னம் உப்பாம ஊதணும். இப்படி ஒரு பத்து தடவை. ஆனா கருவி சளியைக் கழட்டி மட்டும்தான் விடும், வெளிய கொண்டுவர்றது அப்பாதான். மூக்குக்கண்ணாடி துடைக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து 'ஹா'ன்னு ஊதுவோமே, அதே மாதிரி வயித்துலேர்ந்து ரெண்டு தடவை பண்ணச் சொல்லுங்க, அப்புறம் ஒரு இருமல். இந்த 'ஹா'வை விட்டுட்டா கருவி வாங்கின காசு வேஸ்ட்டு. வெறும் வயித்துல பண்றது நல்லது, மூச்சுக்குழாயை விரிக்கற இன்ஹேலரோ நெபுலைசரோ கொடுத்திருந்தா அதை முதல்ல எடுத்துட்டு இதைப் பண்ணணும்.

சளியில ரத்தம் வந்தா ஊதறதை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க, திடீர்னு நெஞ்சுவலியோட மூச்சு முட்டினாலும் அப்படித்தான். சாயங்காலம் ஜுரம், எடை குறையறதுன்னு இருந்தா டிபி திரும்பியிருக்கான்னு சளி டெஸ்ட்டும் பண்ணிடணும்.

அப்புறம் க்ளீனிங். தினமும் கழட்டி சோப்புத் தண்ணில கழுவி, கடைசியா கொதிக்க வச்சு ஆறின தண்ணில அலசி, நல்லா காயவைங்க. நம்ம சென்னை புழுக்கத்துல ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடினா கிருமிக்கு நாமளே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. ஜாக்கெட் லட்சக்கணக்குல ஆகும், தானா உக்காந்து ஊத முடியற அப்பாவுக்கு இப்ப அது வேண்டாம்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு, டுஷேன் தசைநோய். இருமவே பலம் இல்ல. அவனுக்கும் ஃப்ளட்டர் வாங்கலாமா?
– ஒரு அம்மா, நங்கநல்லூர்

பதில்: வேண்டாம்மா, அதை ஊதறதுக்கே பலம் வேணும். அவனுக்குத் தேவை காஃப் அசிஸ்ட். மாஸ்க் வழியா காத்தை உள்ள தள்ளி, சட்டுனு திருப்பி இழுக்கும், அவனுக்காக மெஷினே இருமற மாதிரி. பிரஷர் எவ்வளவுன்னு டாக்டர்தான் வைக்கணும், கொஞ்சத்துல ஆரம்பிச்சு ஏத்துவாங்க. அவன் நல்லா இருக்கும்போதே பழக்கிடுங்க, ஜலதோஷம் பிடிச்ச அன்னிக்கு அடிக்கடி போட வேண்டியிருக்கும், அன்னிக்குப் போய் மாஸ்க்கைப் பார்த்து குழந்தை பயப்படக் கூடாது.