ரயில் ஏறுபவர் கணக்கும் வீட்டில் இருப்பவர் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

சென்னை வாடகை தாங்கவில்லை, அரக்கோணம் பக்கமோ வேலூர் பக்கமோ வந்துவிடலாமா என்று கேட்டு இந்த மாதம் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பள்ளிகளில் அட்மிஷன் நடக்கும் நேரம், அதனால்தான். நான் அரக்கோணத்தில் குடியிருந்து சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது காட்பாடியில் மகளோடு இருக்கிறேன். அதனால் சமையல், மாமியார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். (மாமியார் எப்படியும் உள்ளே வந்துவிட்டார், கீழே பாருங்கள்.)

கேள்வி: வில்லிவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 16,000 வாடகை கொடுக்கிறேன். கிண்டியில் வேலை. மகன் அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு, மகளுக்கு இரண்டு வயது. அரக்கோணத்தில் இதைவிடப் பெரிய தனி வீடு 7,500-க்குக் கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்தில் சீட்டு கட்டலாம், ரயிலில் தூங்கிக்கொண்டோ படித்துக்கொண்டோ போகலாம் என்று நினைக்கிறேன். வந்துவிடலாமா?
— ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: தம்பி, இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சீட்டு எவ்வளவு, ரயிலில் என்ன படிப்பீர்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவர் சொந்த ஊர் கடலூர் என்றும், அரக்கோணத்தில் உங்களுக்கு யாரையும் தெரியாது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. சென்ட்ரலுக்கும் அரக்கோணத்துக்கும் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுக்கும். பாஸ்ட் லோக்கல் கிடைத்தால் கொஞ்சம் மிச்சம். சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடிக்க வேண்டும். அல்லது சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏற வேண்டும். மெட்ரோ வேகம், ஆனால் தினம் தனிச் செலவு. பார்க் வழியாக என்றால் சீசன் டிக்கெட் எடுத்துச் சிக்கனமாகப் போகலாம், நேரம் கூடும். ஒன்பதரைக்குக் கிண்டியில் உட்கார வேண்டுமென்றால் ஆறேகால், ஆறரைக்குள் அரக்கோணத்தில் வண்டி ஏறியாக வேண்டும். மாலை ஆறுக்குக் கிளம்பினால் வீட்டுக்குள் கால் வைக்க எட்டரை, ஒன்பது. இரண்டு வயதுக் குழந்தை அதற்குள் தூங்கியிருக்கும்.

8,500 ரூபாய் அப்படியே கையில் நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். சீசன், மெட்ரோ, ஸ்டேஷனில் வண்டி ஸ்டாண்டு, காலையில் வீட்டில் சாப்பிடாமல் ஓடும் நாட்களில் வெளியே டிபன், எல்லாம் அதிலிருந்துதான் போகும். போனாலும் கணிசமாகவே மிஞ்சும், அதை மறுக்கவில்லை. தூக்கத்தைப் பொறுத்தவரை, அரக்கோணத்திலேயே புறப்படும் வண்டியாக இருந்தால் உட்கார இடம் உண்டு. திருத்தணியிலிருந்து நிறைந்து வரும் வண்டியில் அந்த உறுதி கிடையாது. சாயங்காலம் சென்ட்ரலில் இடம் பிடிக்க முன்னாலேயே போய் நிற்க வேண்டும். எங்கள் லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்து, பூக் கட்டி, பிள்ளைக்குக் கணக்கு நோட்டு திருத்தி, ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்து முடித்தாள். புத்தகம் படித்தவர்கள் குறைவுதான்.

இனி வீட்டில் இருப்பவர் கணக்கு. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை அந்தப் பெரிய தனி வீட்டில் உங்கள் மனைவி, ஒரு பள்ளிப் பிள்ளை, ஒரு கைப்பிள்ளை. பகல் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, பையனுக்குக் காய்ச்சல் என்று. சின்னவள் தொட்டிலில் தூங்குகிறாள். யார் போவது? வில்லிவாக்கத்தில் எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடியிருப்பார். இங்கே அந்த எதிர் வீட்டைச் சம்பாதிக்க ஒரு வருடமாவது ஆகும். நீங்கள் கிளம்பி வந்தாலும் பகல் வேளையில் வண்டி பிடித்து வந்து சேர மூன்று மணி நேரம். குழந்தைக்குப் பெரிதாக ஏதாவது என்றால் உள்ளூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியோ, வேலூர் சி.எம்.சி.யோ, ராணிப்பேட்டை பக்கம் அவர்கள் புதிதாகக் கட்டிய வளாகமோதான். இரவில் எதற்கு யார் வண்டியில் போவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதனால் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அரக்கோணம் நல்ல ஊர். ரயில்வேக்காரர்கள், கடற்படை விமான தளமான ராஜாளியில் இருப்பவர்கள், எம்.ஆர்.எப். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் என்று வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர். புதிதாக வந்தவர்களை முறைத்துப் பார்க்காது. பெரிய வீட்டை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில், கீழேயோ மேலேயோ வீட்டுக்காரர் குடும்பம் குடியிருக்கும் வீடாகப் பாருங்கள். வாடகை ஆயிரம், இரண்டாயிரம் கூடும். அதுதான் உங்கள் மனைவிக்கான சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளங்கள் ஊரைப் பிரிக்கின்றன. வீடு ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம் என்று அமைந்துவிட்டால் மழைநாளில் சிரமம்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் வராதீர்கள். ஒரு வேலை நாளில், பகல் இரண்டு மணிக்கு, மனைவி பிள்ளைகளோடு வாருங்கள். தெருவில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எந்த நேரம் வருகிறது, பால் எங்கே, இரண்டு வயதுப் பிள்ளையை விட அங்கன்வாடி எத்தனை தெரு தள்ளி என்று கேட்க வேண்டியவர் அவர். அவர் சரி என்றால் அட்வான்ஸ் கொடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017-ம் வருட வாடகைச் சட்டம் சொல்கிறது. கேட்பார்கள்தான், நீங்கள் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எனக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை. பத்து மாதக் குழந்தை. ஆவடியில் இருக்கிறோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை. வாலாஜாவில் மாமனார் வீட்டுக்கே போய்விட்டால் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், எனக்கு மட்டும்தான் ரயில் என்கிறார் கணவர். சரிதானா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஆவடி

பதில்: அம்மா, உங்கள் கணவருக்கு இது மிக வசதி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளின் பஸ்கள் நம் பக்கம் வரைக்கும் வருகின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி வாசலில் இறங்குவார். அதனால்தான் 'உனக்கு மட்டும்தான் ரயில்' என்று சுலபமாக வந்துவிட்டது.

வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஓடுகிற மாதிரி வண்டி. மாலையிலும் அதே வண்டி திரும்பும். சீசன் எடுக்கலாம், 150 கிலோமீட்டர் வரை தருவார்கள், காட்பாடிக்காரர்களே எடுக்கிறார்கள். ஆனால் ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது, எல்லா வண்டிக்கும் செல்லாது. அந்த ஒரு வண்டியைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு. செயலகத்தில் சட்டசபை நடக்கும் சமயம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

குழந்தை விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். உங்கள் அத்தை பார்த்துக்கொள்கிறேன் என்றாரா, அல்லது அவர் மகன் சொன்னாரா? பத்து மாதக் குழந்தை இன்னும் மூன்று மாதத்தில் ஓடும். அறுபதைத் தாண்டிய முழங்கால் பன்னிரண்டு மணி நேரம் அதன் பின்னால் ஓட முடியாது. துணைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். சம்பளத்தை நீங்களும் கணவரும் கொடுங்கள், ஆளை அத்தை தேர்ந்தெடுக்கட்டும். அவர் கோயிலுக்குப் போகும் நாள், தங்கை வீட்டுக்குப் போகும் நாள் எல்லாம் முன்போலவே நடக்கட்டும். அந்த நாட்களில் உங்கள் கணவர் லீவு போடுவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அவர் பதில் சொல்லும் வேகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால், குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஆவடியிலேயே இருங்கள், அத்தை வந்து போகட்டும் என்பேன்.

கேள்வி: சோளிங்கரில் வாடகை இன்னும் குறைவாம். அங்கேயும் ரயில் நிலையம் இருக்கிறதே?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெயர்ப் பலகையில் இருக்கிறது. சோளிங்கர் ரயில் நிலையம் நிற்பது பாணாவரத்தில். நரசிம்மர் மலை இருக்கும் சோளிங்கருக்கு அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். நம் பக்கத்தில் இது பழக்கமான சங்கதி. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஆற்காடு வரை என்று சொல்லித்தான் விட்டார்கள். நின்றது வாலாஜா ரோடில், ஆற்காடு இன்னும் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. வாலாஜா ரோடும் வாலாஜா ஊரை ஒட்டியில்லை. வேலூருக்கு மெயின் லைன் ஸ்டேஷன் காட்பாடி. ஊரின் பெயரைப் பார்க்காமல், வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை விடிகாலை ஐந்தரைக்கு எப்படிப் போவீர்கள் என்று பாருங்கள். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காது.

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். டிரான்ஸ்பர் செய்ய எது நல்ல மாதம்? என்னென்ன வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி.க்கு எழுதிக் கொடுங்கள், மே மாதத்தில் வீடு மாறுங்கள், ஜூனில் புது வகுப்பு. டி.சி. காகிதம் கையில் வந்தால் மட்டும் போதாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி உங்கள் மகளை 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்கு விட வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். கட்டண பாக்கி என்று சொல்லி இதை இழுத்தடிக்கும் பள்ளிகள் உண்டு. என் உறவுக்காரப் பெண்ணை ஒரு பள்ளி ஜூலை வரைக்கும் அலைக்கழித்தது. எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள், விட்டுவிட்டார்களா என்று நேரிலேயே கேட்டுவிட்டு ஊரைக் காலி செய்யுங்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது, கேஸ் மாற்றுவது எல்லாம் வந்து சேர்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: 'அரக்கோணம் அருகே மனை, சென்ட்ரலுக்கு 60 நிமிடம்' என்று விளம்பரம். வாடகைக்குப் பதில் மனை வாங்கிக் கட்டிவிடலாமா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: அந்த அறுபது நிமிடம் எக்ஸ்பிரஸ் வண்டியின் நேரம். அது ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு. மனையிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்று விளம்பரத்தில் இருக்காது.

முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். அனுமதியில்லாத மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒருமுறை மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதிவு செய்து கொடுப்பார்கள். பதிவாகிவிட்டதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முறைப்படுத்தாமல் வீட்டுக்கு பிளான் வாங்கப் போனால்தான் சங்கடம் தெரியும். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஏரியோ கால்வாயோ இருக்கிறதா என்று நவம்பர் மழையில் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

தாய்ப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றும் நடுவில் 'வேலூர் மாவட்டம்' என்றும் இருப்பதைப் பார்த்துப் பயந்து ஒருவர் போன் செய்தார். பயப்பட ஒன்றுமில்லை. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், அப்புறம் பெயர் மாறியது, 2019-ல் வேலூரை மூன்றாக்கியபோது அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் எல்லாப் பத்திரத்திலும் ஒத்துப்போனால் சரி.

கேள்வி: வேலூர் வெயில் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஆமாம். சாயங்காலமானால் கடல் காற்று வந்துவிடும் என்ற பழக்கத்தைத் திருவொற்றியூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மே மாதம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சுற்றிலும் பாறை மலைகள், ராத்திரியிலும் சுவர் கொதிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டைக் காட்டி வாடகையில் ஐந்நூறு குறைக்கிறேன் என்பார்கள். வேண்டாம், கீழ் வீடு காலியாகும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.