படகோட்டியின் பெயர்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களாக நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் பாத்திரங்களாகி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். உலகம் முழுக்க என் சொந்தக் கற்பனை. அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருளில் அறுநூறு குறிப்புகள் இருக்கின்றன, ஆனால் ஆட்டத்தின் நடுவே தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. அதனால் நானே ஒரு செயலி எழுதுகிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், ஊர், குலம் என்று கட்டங்கள் வைப்பதா, வெறும் உரையாக விடுவதா? மாதிரிக்கு ஒரு குறிப்பை இணைத்திருக்கிறேன். இவ்வளவு எழுதியும் ஆட்டக்காரர்கள் யாரும் படிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்கள் ஏன் படிக்க வேண்டும்? வேலை முடிந்து அலுத்து வந்தும் நாலு மணி நேரம் உங்கள் எதிரில் உட்கார்கிறார்களே, அது போதாதா? நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன். ஒரு துறைமுக ஊருக்கு நாலு பக்கம், அதை ஆண்டவர்களின் வம்சாவளி ஒன்றரைப் பக்கம். உங்கள் நண்பர்கள் அந்த ஊருக்குப் போனபோது என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

என் ஆட்டத்தில் ஒரு தோழி இருந்தாள். கையில் எப்போதும் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒருநாள் ஆற்றைக் கடக்கும்போது படகோட்டியின் பெயரைக் கேட்டாள். வாய்க்கு வந்தபடி தொர்வால் என்றேன், எழுதிவைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே கரைக்குத் திரும்பினார்கள். அந்த ஆற்றின் தெய்வத்தைப் பற்றி என்னிடம் பன்னிரண்டு பக்கம் இருந்தது. படகோட்டிக்கு வேறொரு பெயர் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தாள். தேதி, தொர்வால், மகளுக்குக் காய்ச்சல், மருந்துக்கு இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தோம். "அந்தப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டதா?" என்று கேட்டாள்.

போன மாதம் ஊர் மாறிப் போகும்போது அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத் தினமும் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஆட்டம் நடத்துபவர்களுக்காக 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு என்ற புத்தகத்தில், இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு வாக்கியத்தை முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். காலக்கணக்கைக் கறாராக வைக்காவிட்டால் உருப்படியான கேம்பெய்ன் (பல நாள் தொடரும் ஒரே கதை) நடத்த முடியாது என்பது அதன் பொருள். இளவயதில் அதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று தள்ளிவிட்டேன். அது தப்பு. ஒருத்தன் காயம் ஆற மூன்று வாரம் படுத்திருந்தால், அதே மூன்று வாரத்தில் எதிரியும் ஏதோ செய்திருப்பான், கோட்டை மதில் இரண்டடி உயர்ந்திருக்கும், காய்ச்சல்காரப் பெண் பிழைத்திருப்பாள் அல்லது போயிருப்பாள். தேதி இல்லாத குறிப்பில் இவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதியது உங்கள் உத்தேசம். மேஜையில் நாலு பேர் காது கேட்கச் சொன்னதுதான் அந்த உலகத்தில் நடந்தது.

அதனால் செயலியைத் திறந்ததும் ஒரு வரி எழுத இடம் இருக்கட்டும். இன்றைய தேதியும் ஆட்டத்துக்குள் உள்ள தேதியும் தானாக விழ வேண்டும். எந்தக் கோப்புறை என்று அது கேட்கவே கூடாது. டோர்வால் என்று தேடினாலும் தொர்வால் வர வேண்டும். கட்டமோ உரையோ, உங்கள் விருப்பம். குறிப்புகளைக் கோடிட்டு இணைக்கும் வலைப்பின்னல் படம், வரைபடத்தில் குண்டூசி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செஷன் முடிந்ததும் யாரும் எழுந்து போகும் முன் பத்து நிமிடம் கேளுங்கள், இன்று என்ன நடந்தது என்று. அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தத் துறைமுகத்தில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.