எண்ணெயை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு வயது 58. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. குடல் கட்டியில் கொழுப்பு உண்டாக்கும் நொதி அதிகமாக வேலை செய்கிறது என்று எங்கோ படித்துவிட்டு எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தாளிப்புகூட வேண்டாம் என்கிறார். எடை குறைந்துகொண்டே போகிறது. உடல் இளைக்கக் கொடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரை அந்த நொதியைத் தடுக்குமாமே, கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் தாளிப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள் அம்மா.

அப்பா படித்தது உண்மைதான். ஃபேட்டி ஆசிட் சின்தேஸ் என்ற அந்த நொதிக்குக் கல்லீரல், கொழுப்புத் திசு, பால் சுரக்கும் மார்பு தவிர மற்ற இடங்களில் அதிக வேலை இல்லை. சாப்பாட்டில் வரும் கொழுப்பே உடம்புக்குப் போதும். புற்றுநோய் செல்லுக்கு அது போதாது. வேகமாகப் பெருகும்போது ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

நான் நோய்க்குறியியல்காரன். இந்த நொதிக்குச் சாயமேற்றிய குடல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் சாதாரணச் சுரப்பிகள் வெளிர் நீலமாக வரிசை கட்டி நிற்கும். பக்கத்திலேயே கட்டி தொடங்கும் இடத்தில் செல் முழுக்க அடர்ந்த பழுப்பு. பழுப்பு தெரிந்தால் அங்கே நொதி இருக்கிறது என்று அர்த்தம். புற்றுநோயாக மாறாத பாலிப்பிலேயே, அதாவது குடல் உட்சுவரில் வளரும் சிறு முளையிலேயே, இந்த நொதி அதிகரிக்கத் தொடங்குவதை 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் இந்த நொதிக்கு மூலப்பொருள் நெய் இல்லை. பெரும்பாலும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ்தான் உடைந்து, இரண்டிரண்டு கார்பனாகச் சேர்ந்து, 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலமாகிறது. எண்ணெயை நிறுத்தினால் இளைப்பது அப்பாதான், கட்டி இல்லை. உடனே சோற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரையை உடம்பு எப்படியாவது ஒரு அளவில் வைத்துக்கொள்ளும், அதற்காகத் தசையைக்கூடக் கரைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நொதி கூடினாலே ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. 2008-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, பருமனானவர்களிடம் அது மோசமான விளைவோடு சேர்ந்து வந்தது. மற்றவர்களிடம் நேர்மாறாக இருந்தது.

ஆர்லிஸ்டாட் வேண்டவே வேண்டாம். ஆய்வகத் தட்டில் அது இந்த நொதியைத் தடுப்பது உண்மை. வாயால் விழுங்கினால் ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். குடலில் கொழுப்பு செரிப்பதைத் தடுத்து எண்ணெயாகப் பேதி போகும். ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உடம்பில் சரியாகச் சேராது. கீமோவில் இருப்பவருக்கு இது எதற்கு? இந்த நொதியைக் குறிவைக்கும் வேறு மருந்துகள் ஆய்வில் உள்ளன. குடல் புற்றுநோயின் வழக்கமான சிகிச்சைக்குள் எதுவும் வரவில்லை.

அப்பாவின் எடையை வாரம் ஒருமுறை குறித்து, கீமோ கொடுக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். நோய் திரும்புகிறதா என்று கவனிக்க உதவும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும், ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் கொலனோஸ்கோப்பியும் (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தவறக் கூடாது. அப்புறம், உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் 40 வயதானதும் கொலனோஸ்கோப்பி அவசியம். மலத்தில் ரத்தம் தெரிந்தால் அந்த வயது வரை காத்திருக்க வேண்டாம்.