அப்பாவின் மொபட்டை விற்கலாமா? அம்மாவைக் கலை சிகிச்சையில் சேர்க்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எட்டு மாதம் முன்பு அப்பா ஒரு நண்பரின் பைக்கில் போனபோது விபத்தில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு 58 வயது. மாடு கறக்கிறார், சமைக்கிறார். ஆனால் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அப்பாவின் பழைய மொபட்டைத் தினமும் துடைத்து வைக்கிறார். கோவையில் ஒரு மையத்தில், அம்மா துக்கத்தின் ‘மறுப்பு’ என்ற முதல் படியிலேயே நின்றுவிட்டார், 12 அமர்வு கலை சிகிச்சை தேவை, 36,000 ரூபாய் என்கிறார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டோம். சேர்க்கலாமா? வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வண்டி அங்கேயே நிற்கட்டும், மீதி 31,000 உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அந்தப் ‘படி’ சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதினார். அவர் எழுதியது, தீராத நோயில் தன் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. உறவைப் பறிகொடுத்தவர் எட்டாவது மாதத்தில் எந்தப் படியில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அல்ல அது. அம்மா மறுக்கவும் இல்லை. அப்பா வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் துடைக்கிறார். இறந்தவரோடு ஏதோ ஒரு தொடர்பை வைத்துக்கொள்வது நோயில்லை என்று ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கி முப்பது வருடம்தான் ஆகிறது. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில் நிற்கும் கூட்டத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடு கறப்பதையும் குறைவாக நினைக்காதீர்கள். கொஞ்ச நேரம் துக்கம், கொஞ்ச நேரம் அன்றாட வேலை என்று மனம் மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். ‘மாட்டை வித்துப்போட்டு எங்ககூட வந்துருங்க’ என்று சொந்தக்காரர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

கலை சிகிச்சை மோசடியில்லை. வாயில் வராததை வரைந்தோ பாடியோ கையால் எதையாவது செய்தோ வெளியே கொண்டுவருவது நல்ல முறை, குழந்தைகளுக்கு உதவலாம். ஆனால் உங்கள் அம்மா கிரேயான் பிடிக்கக் கோவைக்கு பஸ் ஏற வேண்டாம். பால் ஊற்றிவிட்டு வந்து கட்டுத்தரை ஓரம் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘எப்படிம்மா இருக்கீங்க’ என்று ஆரம்பித்தால் ‘இருக்கறேன்’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்த வண்டிய அப்பா எந்த வருஷம் வாங்குனாரும்மா? மொத மொத எங்க போனீங்க?’ என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். அழுதால் அழட்டும், தண்ணீர் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். ஒப்பாரி தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் ஒருநாள் கூட்டிவந்து உட்கார வையுங்கள். அப்பாவின் பால் கணக்கு நோட்டு, மூக்குக் கண்ணாடி, துண்டு இவற்றை ஒரு பெட்டியில் வைக்கலாம். எது உள்ளே போக வேண்டும் என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு. உங்கள் அம்மா விபத்தின்போது கூட இல்லை, ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர், ரோட்டில் கிடந்ததை நேரில் பார்த்தவர், ஆஸ்பத்திரியில் உடலை அடையாளம் காட்டியவர், இவர்களிடம் ‘அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு’ என்று கிளறாதீர்கள், அதை வரையவும் சொல்லாதீர்கள். ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்த ரோட்டையே தவிர்ப்பது எல்லாம் துக்கத்தோடு அதிர்ச்சியும் சேர்ந்திருப்பதற்கான அடையாளம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். பாதியில் கிளறிவிட்டுப் போகிற ஆர்வக்கோளாறுகளால் மோசமானவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

சரி, டாக்டரிடம் எப்போது? சாப்பாடு, தூக்கம் அடியோடு போனால், வேலைகள் நின்றால், ‘நானும் போயிட்டாத் தேவல’ என்று சொன்னால் அன்றைக்கே. தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தை இன்றே பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு (டெலி-மனாஸ்) எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிவரும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், பழகிப்போகும்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம், உட்கார்ந்து பேசத்தான் ஆளுக்கு நேரமில்லை. உடல் நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அட்மிட் ஆனால்தான் பணம் என்கிற பாலிசியில், பேசிச் செய்யும் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும்? இந்த ஓட்டையில்தான் ‘பேக்கேஜ்’காரர்கள் நுழைகிறார்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் கொடுக்கிற இடங்களும் உண்டு. தன்னை மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆளை நேரில் பார்க்காமலே 12 அமர்வு என்று எண்ணிக்கை சொல்பவரிடம் திரும்பிப் போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா பேசுவதில்லை என்கிறீர்கள். அவரிடம் யார் பேசுகிறார்கள்? நம் பக்கம் புருஷனை இழந்தவளைக் கல்யாண வீட்டில் பின்வரிசைக்குத் தள்ளுகிறோம், சீர் செய்யும்போது ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம், அப்புறம் ஏன் ஒதுங்கியிருக்கிறாள் என்று டாக்டரிடம் கேட்கிறோம். அடுத்த விசேஷத்துக்கு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

5,000 ரூபாய்க்கு ரசீது வாங்கினீர்களா? அமர்வு தொடங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள்.